மேற்படி குரல்

படத்தில் வந்த எல்லோரையும் வாரியம் விசாரித்து முடித்துவிட்டது. பாக்கி ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்குத்தான் உடம்பு கிடையாது.

"அதனால என்னம்மா? வரச் சொல்லுங்க" என்றார் செயலர்.

டைரக்டர் தன் வலது காதிலிருந்த மிஷினை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டாள். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் அவளுக்குத் தினப்படி வருவதுதான். இடது காது பிறந்ததிலிருந்தே கேட்காது. வலது காது மிஷின் போட்டால் கேட்கும். அதுவும் பேசுகிறவரின் உதட்டைப் பார்த்தால்தான் முழுசாக. அதனால் செயலரின் உதட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"யாரை வரச் சொல்றது சார்?"

"அந்தக் குரலை."

உதடும் அதையேதான் சொன்னது.

அவளை டைரக்டர் என்று கூப்பிட்டது ஊரிலேயே ஒரே ஒரு ஆள்தான். அவளுடைய அண்ணன். அதையும் பாதிக் கிண்டலாகத்தான் கூப்பிட்டான். இரவல் கேமராவில், கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், தனியாக அவள் எடுத்த படம் அவனைப் பற்றியது. ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பது அவன் வேலை. வாலிபம் தொட்ட நாளிலிருந்து அவனுக்கு ஒரு குரல் கேட்கிறது. மாத்திரை போட்டால் சற்றுத் தள்ளி நின்று பேசும். போடாவிட்டால் தோளருகே வந்து பேசும். போனதென்று மட்டும் ஒரு நாளும் இல்லை.

"நம்ம வீட்டுல காதைப் பங்கு வைக்கும்போது ஏதோ குளறுபடி ஆயிருச்சு" என்பான் அண்ணன். "உனக்குச் சேர வேண்டியதும் என்கிட்டயே வந்துருச்சு."

படத்துக்கு அந்தக் குரலைத் தேடி அலைந்ததே தனிக் கதை. முதலில் அவளே பேசிப் பதிவு செய்தாள். அண்ணன் கேட்டுவிட்டுத் தலையாட்டினான்.

"நீ திட்டற மாதிரி இருக்கு. அது திட்டாது. மரியாதையாப் பேசும். 'நீங்க, வாங்க'ன்னுதான் சொல்லும். வீட்டுல எனக்கு மரியாதை குடுக்கறது அது ஒண்ணுதான்."

"மரியாதையாப் பேசினா அப்புறம் எதுக்குப் பயப்படறே?"

"திட்டினா பதிலுக்குத் திட்டலாம். மரியாதையாச் சொல்றதை எதிர்த்துப் பேசிப் பாரு, தெரியும்."

கடைசியில் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. வண்டி தாமதம் என்று ஒலிபெருக்கியில் ஒரு அம்மாள் அறிவித்தபோது, அண்ணன் தங்கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்தான். முகம் வெளுத்திருந்தது. "இவங்கதான். இவங்க இல்லை, ஆனா இவங்கதான்." அந்த அறிவிப்பாளர் அம்மாளைக் கெஞ்சிக் கூட்டிவந்து பேச வைத்தாள். *தயவுசெய்து அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். அவர்கள் சிரித்தது உங்களைப் பார்த்துத்தான்.* வண்டி தாமதத்துக்கு வருந்துகிற அதே குரல்.

அண்ணன் படத்துக்கு ஒப்புக்கொண்டது ஒரே நிபந்தனையின் பேரில்.

"குரலை மட்டும் வெட்டக் கூடாது. இத்தனை வருஷமா நான் ஒருத்தனே கேட்டுட்டு இருக்கேன். வேற யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர் போதும், என்கூட உக்காந்து அதைக் கேக்கணும்."

"நான் இருக்கேன்ல."

"நீ பாக்கறே. கேக்கறது வேற."

எடிட்டிங் திரையில் ஏறி இறங்கும் ஒரு பச்சைக் கோடாகத்தான் அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். வெட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

அப்போது அவளுக்கு வாரியத்தைத் தெரியாது.

ஊக்கமூட்டும் திரைப்படங்களுக்கான சான்றளிப்பு வாரியம் ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. உடலிலோ மனதிலோ குறை உள்ளவர்களைப் பற்றி யார் படம் எடுத்தாலும், பார்க்கிறவர் ஊக்கத்தோடு வெளியேறுவார் என்று இவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் திரையிட முடியும். வாசலில் ஒரு பெரிய படம்: சக்கர நாற்காலியில் ஒருவர் மலை உச்சியில் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே லிஃப்ட். லிஃப்டின் மேல், 'உறுப்பினர்களுக்கு மட்டும்'.

முதல் அமர்விலேயே தலைவர் மனம் விட்டுப் பாராட்டினார். வெள்ளைத் தலைமுடி, இஸ்திரி போட்ட சட்டை, எந்த வாக்கியத்தையும் அவசரப்பட்டு முடிக்காத வாய்.

"படம் பார்த்தோம். கண் கலங்கினோம். ஆனால் ஒரு சின்னக் குறை. திறன் எங்கே?"

"எந்தத் திறன் சார்?"

"மாற்றுத்திறனாளி என்பது நாம் பெருந்தன்மையோடு வழங்கியிருக்கும் சொல். அதைப் பிரித்துப் பாருங்கள். மாற்று இருக்கிறது. ஆள் இருக்கிறார். நடுவிலே திறன் இருக்க வேண்டிய இடம் உங்கள் படத்தில் காலியாக இருக்கிறது. வாயால் ஓவியம் வரைவாரா? கண்ணைக் கட்டிக்கொண்டு கணக்குப் போடுவாரா?"

"போர்வை மடிப்பார் சார்."

"எல்லோரும்தான் மடிக்கிறோம்."

"நீங்க மடிப்பீங்களா சார்?"

தலைவர் யோசித்தார். "வீட்டில் மடிக்கிறார்கள்" என்றார்.

திறனைக் கண்டுபிடிக்க ஒரு குழு சலவைக்கூடத்துக்குப் போனது. குழு என்றால் செயலரும், வாரியத்தின் மனநல வல்லுநரும். நீராவிக்கு நடுவே நின்று அண்ணன் போர்வையை உதறினான், மடித்தான், அடுக்கினான். செயலர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை ஒரு அன்னம் மாதிரி மடிக்க முடியுமா?" என்று கேட்டார். "பெரிய விடுதியில துண்டுல பண்ணி வைப்பாங்களே, அந்த மாதிரி. நீங்க அன்னம் மடிக்கறீங்க, பின்னால புல்லாங்குழல், அன்னம் மேல வெயில் விழுது. அஞ்சே நிமிஷத்துல சான்றிதழ்."

"போர்வை விரிச்சுப் படுக்கத்தானே சார்."

"அதான் தம்பி உங்க பிரச்சினை" என்றார் செயலர் பரிவோடு.

திறன் தேடல் தோல்வி என்று முடிவானதும் வல்லுநர் குரலைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த உருவம். யார் எதைச் சொன்னாலும் ஏற்கெனவே தெரியும் என்பதுபோல் கண்ணை மூடிக் கேட்பார்.

"இந்தக் குரல் நோயாளியை 'நீங்கள்' என்று அழைக்கிறது. இதை அனுமதிக்க இயலாது. நோய் மரியாதையாகப் பேசினால் மக்கள் பதிலுக்கு அதற்கு மரியாதை கொடுத்துவிடுவார்கள். ஒருமையில் பேச வையுங்கள். முடிந்தால் கொஞ்சம் கரகரப்பாக. நடுவில் ஒரு சிரிப்பும் இருந்தால், இது நோய்தான் என்று குழந்தைக்கும் புரியும்."

"அவருக்கு அப்படிக் கேக்கலையே சார்."

"அவருக்கு எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்குப் பாடநூல் இருக்கிறதம்மா. எத்தனையோ வருடமாக என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கரகரப்பு என்றுதான் சொல்கிறார்கள். சொல்லாதவர்களுக்கு நானே எடுத்துக்கொடுப்பேன்."

அவள் மறுத்தாள். குரலை மாற்றினால் அது அண்ணனுடைய குரல் இல்லை என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டாள்.

"அப்படியானால் யாருடையது?" என்றார் தலைவர்.

பேசிய அறிவிப்பாளர் அம்மாள் வரவழைக்கப்பட்டாள். "எழுதிக் குடுத்ததைப் படிச்சேன், அவ்வளவுதான். எனக்கும் அந்தக் குரலுக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. அதைப் பேசினதிலிருந்து எனக்கே தண்ணி குடிக்கப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆக, வாய் கொடுத்தவர் வேறு, உரிமையாளர் வேறு என்பது நிரூபணமாயிற்று. வசனம் பேசும் எந்தப் பாத்திரமும் தன் கருத்துக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி. குரலை நேரில் ஆஜராகச் சொல்ல முடிவானது.

அழைப்பாணையை எப்படி எழுதுவது என்பதில் வாரியம் பிளவுபட்டது. குரல் என்பது அஃறிணை, ஆகவே 'வரவேண்டியது' என்றார் செயலர். பேசுகிற ஒன்றை அஃறிணை என்பது எப்படி, பேச்சு உயர்திணைக்கே உரியது என்றார் வல்லுநர். அப்படியென்றால் ஆண்பாலா, பெண்பாலா? மரியாதையாகப் பேசுகிறதே, பலர்பாலாக இருந்துவிட்டால்? பலராக இருந்தால் எத்தனை நாற்காலி போடுவது? சாயங்காலம் வரை நடந்த விவாதத்துக்குப் பிறகு, 'மேற்படி குரல்' என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்கள்.

விசாரணை நாளன்று கூட்ட அறையில் ஒரு நாற்காலி காலியாக விடப்பட்டிருந்தது. அதன் எதிரே ஒரு மைக், ஒரு டம்ளர் தண்ணீர். பக்கத்தில் டைரக்டரும் அண்ணனும். அண்ணன் துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, யாரோ தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்கு வந்ததுபோல் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தான்.

செயலர் எழுந்து நின்று, வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மேற்படி குரல்."

மின்விசிறி சுற்றியது.

"மேற்படி குரல்."

வல்லுநர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மேற்படி குரல்."

"வந்துருச்சு சார்" என்றான் அண்ணன்.

செயலர் நாற்காலியைப் பார்த்தார். நாற்காலி அப்படியேதான் இருந்தது.

"உக்கார மாட்டேங்குது" என்றான் அண்ணன். "தலைவர் சாருக்குப் பின்னாடி நிக்குது."

தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. பதவிக்குரிய கம்பீரத்தோடு நேராகப் பார்த்தார். அன்றைய அமர்வு முடியும் வரை, காகிதம் கீழே விழுந்தபோதும், பக்கத்துக் கதவு படாரென்று அடித்தபோதும், ஒரு முறைகூட அவர் கழுத்து அசையவில்லை. காலருக்கு மேலே அந்தக் கழுத்தில் வியர்வை ஒரு கோடாக இறங்குவதை டைரக்டர் பார்த்தாள்.

"என்ன... சொல்கிறது?" என்றார் முன்னால் பார்த்தபடியே.

"உங்களுக்கு வணக்கம் சொல்லுது சார்."

"நல்லது."

"இன்னொண்ணும் சொல்லுது. அது வேண்டாம் சார்."

"ஏன்?"

"எனக்குச் சொல்ற மாதிரி இல்லை. உங்களுக்குச் சொல்ற மாதிரி இருக்கு."

குரல் ஆஜரானது, கையெழுத்திட மறுத்தது என்று பதிவாயிற்று. ஒத்துழைக்காத காரணத்தால், படத்தில் அது பேசும் இடமெல்லாம் ஒலியை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் மொத்தமும் தடை என்று தீர்ப்பும் ஆயிற்று. காதில் மிஷின் வைத்திருப்பவரே ஒலியைப் பற்றி இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது ஆச்சரியமாக இருக்கிறது என்று செயலர் தனியாக ஒரு குறிப்புச் சொன்னார். "நீங்களும் அந்தப் பிரிவுன்னு முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? நீங்களே நடிச்சிருந்தா பேசாம ஊக்கப் படம்னு தள்ளிவிட்டிருப்போம்."

வீட்டுக்கு வந்து அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அண்ணன் பின்னால் நின்றான்.

"தடை பண்ணிட்டா யாருமே பாக்க முடியாதுண்ணா. வெட்டிட்டா முகமாவது போய்ச் சேரும்."

"வெறும் முகமா போனா, நான் சும்மா திரும்பித் திரும்பிப் பாக்கறவனாத்தான் தெரிவேன். லூசுன்னு சிரிப்பாங்க."

"வேற வழி சொல்லு."

அவன் தன் கட்டிலுக்குப் போய், மடித்துவைத்திருந்த போர்வையைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தான். அவள் பச்சைக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும், செய்வது இன்னதென்று தெரிந்துதான் அழுத்தினாள்.

ஒலி நீக்கிய படத்தை வாரியம் தன் சின்னத் திரையரங்கில் பார்த்தது. விளக்கு அணைந்தது. திரையில் அண்ணன் போர்வையை உதறுகிறான். நீராவி. சக்கர வண்டியின் கிறீச்சொலி. பிறகு அவன் கை நிற்கிறது. தலை மெல்ல இடப்பக்கம் திரும்புகிறது. ஒலி அறுந்தது. சுத்த மௌனம்.

"யாருய்யா அது?" என்றார் தலைவர் இருட்டில்.

"எது சார்?" செயலரின் குரல் வழக்கத்தைவிட மேலே ஏறியிருந்தது.

"இப்பப் பேசினது."

"நான் பேசலை சார். நீங்கதான் என்னவோ எங்கப்பாவைப் பத்தி..."

"உங்க அப்பாவை எனக்கு எப்படிய்யா தெரியும்?"

திரையில் அண்ணன் பேருந்துக்குக் காத்திருந்தான். இரண்டாவது மௌனம் வந்தது. அது முதலாவதைவிட நீளமானது. வல்லுநர் எழுந்து, தட்டுத்தடுமாறிச் சுவரைத் தேடி விளக்கைப் போட்டார். வெளிச்சத்தில் அவர் முகம், யாரோ காதருகே வந்து முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. சுவரோடு ஒட்டி நின்றார்.

"குரல் நீக்கப்படவில்லை" என்றார்.

"நீக்கிட்டேன் சார். சுத்தமா ஒண்ணுமே இல்லை."

"அப்படியானால் எனக்கு எப்படி..." வல்லுநர் நிறுத்திக்கொண்டார். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, வகுப்பெடுக்கும் தொனிக்கு மாறினார். "நான் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். இப்படி ஒரு குரல் இல்லை என்று எத்தனையோ பேருக்கு என் கைப்பட எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எனக்கே கேட்டால் அத்தனை பேர் முகத்திலும் நான் விழிக்க வேண்டியிருக்கும். அது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே எனக்குக் கேட்கவில்லை."

"எனக்கும் கேட்கவில்லை" என்றார் செயலர் உடனே.

தலைவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

டைரக்டர் மிஷினைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினாள். அந்த மௌனங்களில் அவளுக்கு எதுவுமே கேட்டிருக்கவில்லை. அவர்கள் கேட்டது நிஜமா, ஒருவர் பயம் மற்றவருக்குத் தொற்றியதா என்று அவளால் சொல்ல முடியாது. இருட்டில் பேசுகிற எதற்கும் அவளுக்கு உதடு கிடையாது.

மௌனத்தின் ஒலி அளவு அதிகமாக இருப்பதாகவும், அதைக் குறைத்துக் கொண்டுவர வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. வீட்டுக்குப் போனாள். ஒன்றுமில்லாததிலிருந்து எதைக் குறைப்பது என்று தெரியாமல், எதையும் தொடாமல் அதே படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "இப்பக் கொஞ்சம் பரவாயில்லை" என்றார் செயலர், முதல் மௌனம் வரை. அதன் பிறகு அவர் வெளியே போனவர் திரும்பி வரவில்லை. லிஃப்டில் ஏறி, மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கிறார் என்று பிறகு சொன்னார்கள்.

படம் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது. காரணம் எழுத்தில் வந்தது: 'கேட்காத குரலை உரக்க ஒலிக்கச் செய்தமை.' பிரதிகள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும். நான்கு சுவருக்குள் சொந்தக்காரர்களுக்குக்கூடக் காட்டக் கூடாது. அவளே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். வாக்கையும் மீறி, படத்தையும் இழந்து, வெறுங்கையோடு படியிறங்கி வந்தாள்.

அண்ணன் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பேச்சைக் குறைத்துக்கொண்டான். சாப்பிடும்போது பாதியில் கை நிற்கும், தலை திரும்பும், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, "ஒண்ணுமில்லை, நீ சாப்பிடு" என்பான்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

தலைவர் நின்றுகொண்டிருந்தார். தனியாக. சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்ததில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"தம்பி இருக்காராம்மா?"

மேடைத் தமிழ் எங்கோ உதிர்ந்துபோயிருந்தது. அண்ணன் எழுந்து வந்தான். தலைவரை ஒரு நிமிடம் பார்த்தான். அடையாளம் தெரிந்துகொள்கிற பார்வை அது. ஆனால் தெரிந்துகொண்டது வாரியத் தலைவரை இல்லை.

"எப்போலேர்ந்து சார்?"

"ரெண்டாவது தடவை படம் பாத்தோமே, அன்னையிலேர்ந்து." தலைவர் உட்கார்ந்தார். "உங்களுக்கு மரியாதையாப் பேசுதுன்னீங்க. என்னை 'டா' போட்டுக் கூப்பிடுது தம்பி. ஒரு ஆள் என்னை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா? ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து நிக்கறாங்க, அது மட்டும், 'போடா, உக்காருடா'ங்குது. நான் உக்காந்துடறேன்."

"மாத்திரை?"

"வல்லுநர்கிட்டக் கேட்டேன். என்னைப் பாத்ததும் ரூம் கதவைத் தாழ் போட்டுக்கிட்டார்."

டைரக்டர் நடுவே வந்து நின்றாள். "இப்பவாவது புரியுதா சார்? படத்தை விடுங்க. அதுல நான் அழிச்ச குரலை மறுபடி பதிவு பண்ணிச் சேத்துத் தரேன். நாலு பேர் கேக்கட்டும்."

தலைவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "விட்டா எல்லாருக்கும் கேக்கும்மா. நான் எப்படி அனுமதி தருவேன்? ஜனங்க தாங்க மாட்டாங்க." பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குப் பழக்கம் இருக்குல்ல, உங்க ஆள்கிட்டச் சொல்லி எங்க ஆளைக் கொஞ்சம் அடங்கச் சொல்ல முடியுமா?"

"அப்படியெல்லாம் நடக்காது சார்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"உக்காருங்க. உக்காந்தே இருங்க. வேலை ஏதாவது கையில இருந்தா நல்லது. பதில் சொல்லாதீங்க, ஆனா கேக்காத மாதிரி நடிக்காதீங்க. நடிச்சா அதுக்குக் கோவம் வரும்." அண்ணன் கட்டிலிலிருந்து போர்வையை எடுத்து ஒரு முனையை அவரிடம் நீட்டினான். "இந்தப் பக்கம் பிடிங்க."

தலைவர் பிடித்தார். அவருக்கு மடிக்கத் தெரியவில்லை. அண்ணன் சொல்லிக் கொடுத்தான். மூலையோடு மூலை. ஒரு எட்டு முன்னால். மறுபடி பின்னால். பாதி மடிப்பில், இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் நின்றது.

இரண்டு தலைகளும் மெல்லத் திரும்பின. ஒரே திசை. ஒரே சாய்வு.

டைரக்டரும் அங்கே பார்த்தாள். வெறும் சுவர்.

"கேட்டுச்சா?" என்றான் அண்ணன்.

"கேட்டுச்சு" என்றார் தலைவர்.

"உங்களுக்கும் மரியாதையாத்தானே சொல்லுச்சு இப்ப?"

"ஆமா."

அண்ணனின் தோள் தளர்ந்து இறங்கியது. பல வருடமாக ஒற்றை ஆளாகத் தூக்கிவந்த பெட்டியின் மறு கைப்பிடியை யாரோ பிடித்துக்கொண்டதுபோல் அவன் முகம் லேசாயிற்று. அவள் எந்தக் காட்சியிலும் எடுத்திராத முகம் அது. அந்த முகத்துக்காகத்தான் படமே எடுத்தாள்.

"என்ன சொல்லுச்சுண்ணா?" என்று கேட்டாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னைப் பத்தியா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "அது உனக்கு வேண்டாம்மா."

"ஆமா, விடு டைரக்டர்" என்றான் அண்ணன், பரிவோடு. "நீ தாங்க மாட்டே."

முடிவு ஒருமனதாக எடுக்கப்பட்டது. உறுப்பினர்கள் இருவரும் மறுபடி போர்வையை மடிக்கத் தொடங்கினார்கள்.